கணினி விழித்துவிட்டது, இணையம் எங்கே?



சென்ற மாதம் ஜோர்ஜ்டவுனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடிதம் சிறியது. “என் மகள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் இணையம் வர மூன்று நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம் ஆகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக உயர்த்திவிட்டேன். பலன் இல்லை. 3,000 வெள்ளிக்குப் புதிய மடிக்கணினி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று அன்றே தொலைபேசியில் சொன்னேன். இதே கேள்வி வெவ்வேறு உருவத்தில் எனக்கு அடிக்கடி வருகிறது. ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்று தொடங்குவார்கள். விசாரித்துப் பார்த்தால், இணைந்த பிறகு எல்லாம் வேகமாகத்தான் ஓடும். இணைவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்குக் கேட்காது.

பினாங்குப் பாலத்தை நான்கு தடத்திலிருந்து ஆறு தடமாக அகலப்படுத்தினார்கள். பாலத்தில் நெரிசலில் நிற்பவருக்கு அது உதவி. காலையில் வீட்டுக்குள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அதனால் என்ன பயன்? 100-ஐ 300 ஆக்குவது பாலத்தை அகலப்படுத்துவது. உறக்கத்திலிருந்து எழுந்த கணினி இணையத்தைப் பிடிக்கத் தடுமாறுவது, சாவியைத் தேடுவது.

அந்த வீட்டுக்கு நேரிலேயே போனேன். லிட்டில் இந்தியா பக்கம், பழைய கடைவீட்டு வரிசை. கீழே முன்பக்கம் தையல் கடை, மாடியில் குடும்பம். பெண்ணின் அறை மாடியில் பின்பக்கம். ரௌட்டர் கீழே, கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

பிரச்சினை இணையம் மட்டும் அல்ல என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் வேலையில் சேர்ந்து நான்கு மாதம். இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. காலை ஒன்பது மணிக்குள் அலுவலகக் கட்டமைப்பில் நுழைந்தாக வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் தாமதம் என்று பதிவாகிவிடும். இரண்டு முறை எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருந்தது.

“அங்கிள், நான் எட்டு ஐம்பதுக்கே திறந்துடறேன். சில நாள் உடனே வந்துடுது. சில நாள் வரவே மாட்டேங்குது. வைஃபையை அணைச்சு அணைச்சுப் போடுவேன். அப்புறம் திடீர்னு வரும். அப்பா நம்ப மாட்டேங்கிறாரு.”

“என் போன்ல நெட்டு நல்லாத்தான் வருது, சார். லைன் பார்க்க வந்த பையனும் வேகம் நல்லா இருக்குன்னுதான் சொன்னான். இவ கொஞ்சம் முன்னாடி எழுந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிடும்.”

இருவர் சொன்னதும் உண்மைதான். எனக்கு வேண்டிய துப்பும் அந்தப் பேச்சிலேயே இருந்தது. மகள் சொன்ன ‘சில நாள்’ முதல் துப்பு. அப்பா சொன்ன ‘என் போன்ல நல்லாத்தான் வருது’ இரண்டாவது. அதற்கு வருவதற்கு முன், கணினி உறங்குவதும் விழிப்பதும் என்னவென்று பார்த்துவிடுவோம்.

உறக்கம் என்றால் என்ன?

மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது அது அணைந்துவிடுவதில்லை. செய்துகொண்டிருந்த வேலையை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அந்த நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிட்டு, மற்ற பாகங்களை ஓய வைக்கிறது. இதற்கான பொது விதிகளை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. இவற்றில் இன்டெல்லை நமக்கு நன்றாகத் தெரியும். 1972-இல் அது அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் தொழிற்சாலை நம் பாயான் லெப்பாசில்தான். இதைப் படிப்பவர்களில் சிலருடைய அம்மாவோ சித்தியோ அங்கே வேலை பார்த்திருக்கலாம்.

பழைய முறை உறக்கத்தில் வைஃபை வில்லைக்கு மின்சாரம் நிற்கும், தொடர்பு அறுந்துவிடும். அண்மைக் காலப் புது மடிக்கணினிகள் பலவற்றில் ‘மாடர்ன் ஸ்டான்ட்பை’ என்ற வேறு முறை இருக்கிறது. கைத்தொலைபேசியைப் போல அரைத் தூக்கம். அதிலும் மின்கலத்தைக் காப்பாற்ற வைஃபை துண்டிக்கப்படலாம். எந்த முறையானாலும், தொடர்பு அறுந்திருந்தால் விழித்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்தபின் ஐந்து படிகள்

திரை ஒளிர்ந்ததும் கணினி தயாராகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே ஐந்து வேலைகள் வரிசையாக நடக்க வேண்டும்.

முதல் படி: வைஃபை வில்லை விழிக்க வேண்டும். அதை இயக்கும் மென்பொருளான ‘டிரைவர்’ பழையதாகவோ பழுதாகவோ இருந்தால் இங்கேயே சிக்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி: தெரிந்த வைஃபை எது என்று காற்றில் தேடி, கடவுச்சொல்லைச் சரிபார்த்துச் சேர வேண்டும். ரௌட்டர் ஏறக்குறைய நொடிக்குப் பத்து முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அது எந்த அலைவரிசையில் அறிவிக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாம் படி: முகவரி வாங்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணினி ‘யாராவது முகவரி தருவீர்களா?’ என்று கேட்கும். ரௌட்டர் ‘இதோ, இதை வைத்துக்கொள்’ என்னும். கணினி ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்னும். ரௌட்டர் ‘சரி’ என்னும். இந்த நான்கு பேச்சுக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-இல் வந்த முறை. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் அதன் விதிகள் 1997-இல் எழுதப்பட்டவை.

நான்கு எண் கொண்ட இந்த முகவரியோடு, ஐபிவி6 என்ற நீண்ட முகவரியையும் இன்றைய கணினிகள் கேட்டு வாங்குகின்றன. அதைப் பற்றி ஆராய்வதற்கென்றே நம் பினாங்கில், யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் ஒரு தேசிய மையம் அமைந்தது. அதை வழிநடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ்.

நான்காம் படி: பெயர்களை எண்ணாக மாற்றும் சேவையைப் பிடிக்க வேண்டும். நாம் இணையதளத்தின் பெயரை எழுதுகிறோம். கணினிக்கு எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண் தரும் இந்தத் தொலைபேசிப் புத்தகத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர்.

ஐந்தாம் படி: அலுவலக வேலை செய்பவர்களுக்கு மட்டும். அலுவலகத்துக்குள் நுழையும் பாதுகாப்பு வழியான விபிஎன், உறக்கத்தில் அறுந்த தொடர்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதே நேரத்தில் மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு என்று எல்லாம் ஒரே மூச்சில் இணையத்தைக் கேட்டு முண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் முதல் நான்கு படிகளும் சில விநாடிகளில் முடிந்துவிடும். எதிலாவது ஒன்றில் சிக்கினால்தான் நிமிடக் கணக்கில் காத்திருப்போம்.

எந்தப் படியில் சிக்கல்? நீங்களே கண்டுபிடிக்கலாம்

கைத்தொலைபேசியில் நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் போதும். மூடியைத் திறந்ததும் கடிகாரத்தைத் தட்டுங்கள். பிறகு வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

திரையின் மூலையில் வைஃபை குறி ‘கனெக்டட்’ என்று காட்டுகிறதா? வைஃபை பட்டியலே வெறுமையாக இருந்தால் முதல் படியில் கோளாறு. பட்டியலில் உங்கள் வைஃபை பெயர் வந்தும் சேரவில்லை என்றால் இரண்டாம் படி.

சேர்ந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை என்கிறதா? ‘செட்டிங்ஸ்’ போய், ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ திறந்து, உங்கள் வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். அங்கே ஐபிவி4 முகவரி என்று நான்கு எண்கள் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி தர யாரும் கிடைக்காமல் கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படி ஆகிவிட்டால் விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி கேட்டுப் பார்க்கும். ‘சரியாக ஐந்து நிமிடம் கழித்து வருகிறது’ என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மூன்றாம் படி.

முகவரி சரியாக இருக்கிறதா? உலாவியில் ரௌட்டரின் எண்ணை எழுதிப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது போல, ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ரௌட்டரின் பக்கம் திறந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி.

அடுத்து 1.1.1.1 என்று எழுதுங்கள். அதுவும் ஓர் இணையதளம்தான், பெயருக்குப் பதில் எண். அது திறந்து, பெயர் எழுதிய தளங்கள் திறக்கவில்லை என்றால் நான்காம் படியில் சிக்கல். ரௌட்டர் பக்கம் திறந்து 1.1.1.1 திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ரௌட்டருக்கும் வெளியுலகுக்கும் நடுவில்.

எல்லாத் தளமும் திறந்து, அலுவலகம் மட்டும் திறக்கவில்லை என்றால் ஐந்தாம் படி. அதை உங்கள் அலுவலகத்தின் ஐடி பிரிவுதான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எத்தனை விநாடியில் வந்தது, முகவரி என்ன என்ற மூன்று செய்தி போதும்.

அந்த வீட்டில் நடந்தது

பெண்ணிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். நாளுக்கு இரண்டு முறை கணினியை உறங்க வைத்து எழுப்பி, பத்துப் பதிவுகள் எடுத்தாள். ஆறு முறை இணையம் பதினைந்து, இருபது விநாடியில் வந்துவிட்டது. நான்கு முறை வைஃபை சேர்ந்தும் ‘இணையம் இல்லை’ என்றது. முகவரிகளைப் பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. இணையம் வந்த ஆறு முறையும் முகவரி 192.168.1 என்று தொடங்கியது. வராத நான்கு முறையும் 192.168.0.

ஒரே வீட்டில், ஒரே வைஃபை பெயரில், இரண்டு விதமான முகவரி. அப்படியென்றால் முகவரி கொடுப்பவர் இருவர்.

“வீட்டில் வேறு ரௌட்டர் இருக்கிறதா?” என்று கேட்டேன். அப்பா இல்லை என்றார். அம்மாதான், “மேல அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு மின்னிக்கிட்டு இருக்குமே, அண்ணே?” என்றார்.

இருந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில், பிள்ளைகள் இல்லிருப்புக் கற்றலில் இருந்தபோது, பின்பக்க அறைகளுக்கு வைஃபை எட்டவில்லை. நம் பழைய கடைவீடுகள் அப்படித்தான். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் காற்றும் வெளிச்சமும் வர ஒரு திறந்த முற்றம், சுற்றிலும் கனத்த செங்கல் சுவர். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஜோர்ஜ்டவுன் இடம்பெற இந்தக் கடைவீடுகளும் ஒரு காரணம். ஆனால் வைஃபை அலைக்கு அந்தச் சுவர்களின் பெருமை தெரியாது. இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து, பழைய ரௌட்டர் ஒன்றைப் பின்பக்கம் வைத்து, முன்பக்கத்திலிருந்து கம்பி இழுத்து, அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல வேலை. ஒன்றே ஒன்றை மறந்துவிட்டான். பழைய ரௌட்டர் தானும் முகவரி கொடுப்பதை நிறுத்தவில்லை.

இனி நடந்ததைப் பாருங்கள். கணினி உறங்குகிறது, தொடர்பு அறுகிறது. காலையில் எழுந்து முகவரி கேட்கிறது. முன்பக்க ரௌட்டர் முந்திக்கொண்டால் சரியான முகவரி, உடனே இணையம். பின்பக்கப் பழைய ரௌட்டர் முந்திக்கொண்டால், ‘வெளியே போக வேண்டுமா? என் வழியாகப் போ’ என்று தன்னையே வாசலாகக் காட்டுகிறது. அதற்கு வெளியே போகும் வழியே கிடையாது. கணினி முட்டுச்சந்தில் நிற்கிறது. பெண் வைஃபையை அணைத்து அணைத்துப் போடுகிறாள், எப்போதாவது சரியான ரௌட்டர் முந்துகிறது, ‘திடீர்னு வருது’.

கணினி உறங்காமல் இயங்கிக்கொண்டே இருந்தால் இந்தச் சிக்கல் வராது. முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில், முன்பு கொடுத்த ரௌட்டரையே முதலில் நேராகக் கேட்கும். அதனால்தான் நாள் முழுக்க நன்றாக ஓடியது. லைன் பார்க்க வந்தவரும் வேகம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் வந்தபோது கணினி ஏற்கெனவே இணைந்திருந்தது.

அப்பாவின் கைத்தொலைபேசி? அதுவும் சில நேரம் அதே முட்டுச்சந்தில் மாட்டியிருக்க வேண்டும். ஆனால் வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் இன்றைய கைத்தொலைபேசிகள் பல சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

பழைய ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி சேவையை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்று ஓர் எண் கொடுத்தோம். முன்பக்கத்திலிருந்து வரும் கம்பி, ‘லேன்’ என்று எழுதிய துளையில் இருப்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டோம். கால் மணி நேர வேலை. செலவு இல்லை. அன்றைக்கே பத்து முறை உறங்க வைத்து எழுப்பிப் பார்த்தோம். பத்து முறையும் இருபது விநாடிக்குள் இணையம் வந்தது.

உங்கள் வீட்டுக்கு என்ன மருந்து?

எல்லா வீட்டிலும் இதே காரணம் இருக்காது. சிக்கிய படியைப் பொறுத்து மருந்து மாறும்.

முதல் படியில் சிக்கல் என்றால்: முதலில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘நான்தான் தினமும் ஷட்டவுன் செய்கிறேனே’ என்பீர்கள். விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தாலும், விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படாமல் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப வரும். பழைய தடுமாற்றமும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் கேட்கவில்லை என்றால் மடிக்கணினி தயாரிப்பாளரின் இணையதளத்துக்குப் போய், உங்கள் மாடலுக்குரிய வைஃபை டிரைவரை எடுத்துப் புதுப்பியுங்கள். பிறகு ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியில் உங்கள் வைஃபையைச் சொடுக்கி, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இக்கருவியை அணைக்கலாம் என்ற வரிக்கு முன்னால் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். மாடர்ன் ஸ்டான்ட்பை முறை உள்ள கணினிகளில் இந்தப் பகுதி இல்லாமலும் இருக்கும். தேடித் தேடிக் களைக்க வேண்டாம்.

இரண்டாம் படியில் சிக்கல் என்றால்: அடுக்குமாடி வீடுகளில் இது அதிகம். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் ஃபிளாட்டில் இருப்பவர்கள் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். அக்கம் பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று இடிக்காத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றே. அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். ரௌட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 கிகாஹெர்ட்சுக்கு மாறுங்கள். தூரம் அதிகமானால் ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள். வைஃபை பெயரை மறைத்து வைத்திருந்தால் வெளிப்படுத்திவிடுங்கள். மறைப்பதால் பெரிய பாதுகாப்பும் இல்லை. கணினி தேடிப் பிடிக்க நேரம்தான் ஆகும். ‘ஃபர்கெட்’ கொடுத்து வைஃபையை ஒருமுறை மறக்கச் செய்து, கடவுச்சொல் கொடுத்துப் புதிதாகச் சேர்வதும் பலன் தரும். மேக் கணினி வைத்திருப்பவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாம் படியில் சிக்கல் என்றால்: வீட்டில் இரண்டு ரௌட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிக்குப் பின்னாலும் பாருங்கள். சில பழைய ரௌட்டர்களில் மொத்தம் இத்தனை முகவரிதான் என்ற எல்லை குறைவாக வைக்கப்பட்டிருக்கும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்தவர்களின் கைத்தொலைபேசிகள் வாங்கிய முகவரிகள், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் தவணை முடியும்வரை அவர்கள் பெயரிலேயே இருக்கும். ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுவது பல நேரம் தீர்த்துவைக்கும்; திரும்பத் திரும்ப வந்தால் ரௌட்டர் பக்கத்தில் அந்த எல்லையைக் கூட்டுங்கள்.

நான்காம் படியில் சிக்கல் என்றால்: யாரோ எப்போதோ சொன்னார்கள் என்று டிஎன்எஸ் எண்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறீர்களா? அவற்றில் ஒன்று இப்போது வேலை செய்யாமல் இருக்கலாம். கணினி ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிப் பாருங்கள்.

ரௌட்டருக்கு வெளியே கோளாறு என்றால் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ‘நெட்டு ஸ்லோ’ என்று சொல்லாதீர்கள். ‘ரௌட்டர் பக்கம் திறக்கிறது, 1.1.1.1 திறக்கவில்லை, இந்தத் தேதியில் இந்த மணிக்கு நடந்தது’ என்று உங்கள் தாளைப் பார்த்துப் படியுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு வரவில்லை என்றால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் போகலாம்.

எதற்கும் மசியாவிட்டால் விண்டோஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. அதைக் கடைசியாக வையுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழியும். விபிஎன் மென்பொருளையும் புதிதாக அமைக்க நேரிடலாம். அலுவலகம் கொடுத்த கணினியில் இதையோ டிரைவர் மாற்றத்தையோ நீங்களாகச் செய்யாதீர்கள். ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காசை எடுக்கும் முன்

இந்தக் கோளாறில் வீணாகும் பணம் மூன்று வழியில் போகிறது. ஒன்று, வேகத்தை உயர்த்துவது. இரண்டு, புதிய ரௌட்டர் வாங்குவது. மூன்று, புதிய கணினி வாங்குவது. இவற்றில் ஏதோ ஒன்று தேவைப்படும் வீடுகளும் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் படியில் சிக்கல் என்று தெரியாமல் வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்தத் தையல் கடைக்காரர் புதிய மடிக்கணினி வாங்கியிருந்தால், அதுவும் இரண்டு ரௌட்டருக்கு நடுவில் நின்று விழித்திருக்கும்.

அவர் மடிக்கணினி வாங்கவில்லை. ஆனால் உயர்த்திய திட்டத்துக்கு 24 மாத ஒப்பந்தம் போட்டுவிட்டார். மாதம் 40 வெள்ளி கூடுதல். மொத்தம் 960 வெள்ளி. அந்த 300 எம்பிபிஎஸ் இப்போது வேகமாகத்தான் வருகிறது. அந்த வீட்டுக்கு 100-ஏ போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணினி தொடர்பான சச்சரவுகளில் வீட்டில் யாராவது ஒருவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு நாம் சீக்கிரம் வந்துவிடுகிறோம். பிள்ளை சாக்குச் சொல்கிறான், மகள் நேரத்தோடு எழுவதில்லை, அப்பாவுக்குக் கணினி தெரியாது. ‘சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் அது சாக்காக இருக்க வேண்டியதில்லை. விட்டு விட்டு வரும் கோளாறைச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. கோபப்படுவதற்கு முன் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுங்கள்.

அந்தப் பெண் தன் பத்துப் பதிவுகளையும் படம் பிடித்து, என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று நான்கு வரி எழுதி, தன் மேலாளருக்கு அனுப்பினாள். சென்ற வாரம் அப்பா அழைத்திருந்தார். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவ எட்டு ஐம்பதுக்கே திறந்தேன்னு சொன்னது நெசந்தான், சார்” என்றார்.

இன்று இரவு உங்கள் வீட்டுக் கணினியை ஒருமுறை உறங்க வைத்து எழுப்பிப் பாருங்கள். இணையம் வர எத்தனை விநாடி ஆகிறது? ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகி, எந்தப் படி என்று புரியவில்லை என்றால், ஒரு வாரப் பதிவோடு எழுதி அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.